நாடு கைவிட்ட கோர்வேரை நெக்கார் ஆற்றங்கரையில் வைத்திருப்பது குறித்து

நெக்கார்க்கரையான் எழுதியது:

ஆறு ஆண்டுகளாக என்னிடம் 1964 ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஷெவர்லே கோர்வேர் மோன்ஸா கூப்பே ஒன்று இருக்கிறது. ஜெர்மனியில் ஹைல்ப்ரான் நகருக்கு அருகே, நெக்கார் ஆற்றை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் வசிக்கிறேன். பழைய அமெரிக்கக் கார் என்று சொன்னவுடன் இங்குள்ளவர்கள் வால்துடுப்பு வைத்த காடிலாக்கையோ வி8 எஞ்சின் உறுமும் மஸ்டாங்கையோதான் எதிர்பார்க்கிறார்கள். என் வண்டியைப் பார்த்ததும் சற்று ஏமாந்துபோய், பிறகு அருகில் வந்து மெதுவாகச் சுற்றிப் பார்க்கிறார்கள். அந்த இரண்டாவது பார்வைக்காகவே இதை வைத்திருக்கிறேன் என்று சொன்னாலும் தவறில்லை.

1959 ஆம் ஆண்டின் காடிலாக் ஏறத்தாழ ஐந்தே முக்கால் மீட்டர் நீளம். அதே ஆண்டு அக்டோபரில் விற்பனைக்கு வந்த கோர்வேர் 4.57 மீட்டர் நீளமும் 1.70 மீட்டர் அகலமும் மட்டுமே கொண்டது. அமெரிக்கக் கார்த் தொழிலின் தலைநகரான அன்றைய டெட்ராய்ட்டுக்கு அது 'கச்சிதக் கார்'. இங்கே அது சாதாரணக் குடும்பக் காரின் அளவு. எங்கள் ஊரின் கல் பாவிய சந்துகளில் அதைத் திருப்புவதற்கு யாரும் இறங்கி நின்று கைகாட்ட வேண்டியதில்லை.

வண்டியை வாங்கிய முதல் கோடையில் நெக்கார்சுல்ம் சென்றிருந்தேன். என்எஸ்யு கார்த் தொழிற்சாலை இருந்த ஊர் அது. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது, எண்பது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் நின்று, கதவின் மேல்விளிம்பை ஒட்டி வண்டியைச் சுற்றி ஓடும் மடிப்புக் கோட்டை விரலால் தொடாமல் காற்றிலேயே வரைந்து காட்டி, "இது எங்கள் பிரின்ஸ் அல்லவா, யார் இதை இவ்வளவு பெரிதாக்கியது?" என்று கேட்டார். தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் வேலை செய்தவராம். உண்மை நேர்மாறானது என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது, சிரித்துக்கொண்டேதான் கேட்டார். 1961 இல் வெளிவந்த என்எஸ்யு பிரின்ஸ் 4 அந்த மடிப்புக் கோட்டைக் கோர்வேரிடமிருந்துதான் பெற்றது. பிரிட்டனின் ஹில்மன் இம்ப், சோவியத் நாட்டின் ஸாபரோஷெட்ஸ் 966 ஆகியவற்றிலும் அந்தச் சாயலைக் காணலாம். அமெரிக்கா விரைவில் மறந்துவிட்ட ஒரு வடிவம் ஐரோப்பாவின் சின்னக் கார்களில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் உயிரோடிருந்தது.

அமெரிக்காவில் இந்த வண்டியைப் பற்றிப் பேச்செடுத்தால் முதல் வாக்கியத்திலேயே, இது ஆபத்தான கார் என்று நூல் எழுதிய ரால்ஃப் நாடர் வந்துவிடுகிறார். இங்கே முதல் வாக்கியம் "எஞ்சின் பின்னாலா இருக்கிறது?" என்பதுதான். பின்மூடியைத் திறந்து, அலுமினியத்தில் வார்த்த, காற்றால் குளிரும், படுத்த நிலை ஆறு சிலிண்டர் எஞ்சினைக் காட்டினால், பீட்டிலிலும் போர்ஷேயிலும் வளர்ந்த தலைமுறைக்கு வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை. தன் நாட்டில் அந்நியமாக இருந்த கார் அந்நிய நாட்டில் வீட்டுப்பிள்ளை ஆகிவிடுகிறது. இதைப் போன்ற அனுபவம் வேறு யாருக்கேனும் உண்டா என்று அறிய விரும்புகிறேன்.

ஐந்தாம்கியர் எழுதியது:

அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நாடரை ஒரே வாக்கியத்தில் கடந்து போவதை என்னால் ஏற்க முடியவில்லை. 1965 நவம்பரில் வெளிவந்த அவருடைய நூலின் முதல் அத்தியாயமே இந்த வண்டியைப் பற்றியது. வளைவில் பின்சக்கரம் உள்நோக்கி மடிந்து வண்டி கட்டுப்பாட்டை இழக்கிறது என்பதும், அதைத் தடுக்கக்கூடிய முன்பக்க நிலைப்புத் தண்டு தொடக்க ஆண்டுகளில் எல்லா வண்டிகளிலும் பொருத்தப்படவில்லை என்பதும் கற்பனையல்ல. அவருக்குப் பதில் சொல்வதை விட்டுவிட்டு ஷெவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் அவர் பின்னால் துப்பறிவாளர்களை அனுப்பியது. 1966 மார்ச்சில் அதன் தலைவர் ஜேம்ஸ் ரோச் செனட் குழுவின் முன் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நாம் இன்று இயல்பாக எண்ணும் பல பாதுகாப்பு விதிகளுக்கு வழி திறந்த விவாதம் அது. பழைய கார் மீதான பாசத்தில் அதைச் சிறுமைப்படுத்திவிடக் கூடாது.

நெக்கார்க்கரையான் எழுதியது:

சிறுமைப்படுத்தும் எண்ணம் எனக்கு இல்லை. அந்தச் சட்டத்தால் பயன்பெற்றவர்களில் நானும் ஒருவன். ஆயினும் வண்டியின் இயக்கத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

1960 முதல் 1963 வரையிலான கோர்வேர்களின் பின்புறத்தில் இருந்தது ஸ்விங் ஆக்ஸில். இதில் ஒவ்வொரு பின்சக்கரத்தையும் தாங்கும் தண்டு, எஞ்சினின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும், நடுவில் உள்ள டிஃபரன்ஷியலை ஒட்டிய ஓரிடத்தில் மட்டுமே மடங்கும். சக்கரத்தின் பக்கத்தில் மடங்காது. ஆகவே வேகமான வளைவில் வண்டியின் பின்பகுதி மேலெழும்போது வெளிப்பக்கச் சக்கரம் சாய்ந்து தன் அடிப்பகுதியை வண்டிக்கு உள்ளே இழுத்துக்கொள்கிறது. எடையில் ஐந்தில் மூன்று பங்குக்கும் மேல் பின்சக்கரங்களின் மீது இருப்பதால், அந்தச் சமயத்தில் பின்பகுதி சரேலென வெளியே வீசப்படும். இதைத் தணிப்பதற்கு நிறுவனம் டயரில் வைக்கும் காற்றை நம்பியிருந்தது: குளிர்ந்த நிலையில் முன் டயருக்கு 15 பவுண்டு, பின் டயருக்கு 26 பவுண்டு. அந்த வேறுபாடு இருக்கும் வரையில் முன்சக்கரங்கள் முதலில் பிடியை இழந்து, ஓட்டுநருக்கு எச்சரிக்கை கொடுக்கும். ஆனால் நான்கு டயருக்கும் ஒரே அளவு காற்று வைத்தே பழகிய நாட்டில், அந்தச் சிறு குறிப்பை யார் மதித்தார்கள்? கோடிக்கணக்கான டாலரில் உருவான ஒரு காரின் நிலைப்பாட்டைப் பெட்ரோல் நிலையத்துப் பையனின் கையில் ஒப்படைத்தது நிறுவனத்தின் பிழைதான். அந்த அளவில் நாடர் சொன்னது சரியே.

என்னுடைய 1964 வண்டியில் முன்பக்க நிலைப்புத் தண்டும், பின்னால் குறுக்காக ஒரு பட்டை வில்லும் தொழிற்சாலையிலேயே சேர்க்கப்பட்டவை. 1965 இல் ஸ்விங் ஆக்ஸிலையே கைவிட்டுவிட்டு, ஷெவர்லேயின் விளையாட்டுக் காரான கோர்வெட்டின் வழியில், சக்கரங்கள் ஒவ்வொன்றும் முழுச் சுதந்திரமாக இயங்கும் பின் சஸ்பென்ஷனைக் கொடுத்தார்கள். அதாவது, நூல் வெளிவந்த நாளில் கடைகளில் விற்கப்பட்ட கோர்வேருக்கு அந்தக் குறை இல்லை. 1972 இல் அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் தன் சோதனை முடிவுகளை வெளியிட்டு, 1960-63 வண்டிகளும் அக்காலத்தின் பிற கார்களைவிட மோசமானவை அல்ல என்று கூறியது. அதற்குள் வண்டியின் தயாரிப்பு நின்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

இங்கே பீட்டில் ஓட்டியவர்கள் அதே ஆக்ஸிலோடு வாழ்ந்தவர்கள். போர்ஷே 356 உம் அப்படித்தான். வளைவின் நடுவில் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கக் கூடாது என்பது அவர்களுக்கு அப்பா சொல்லிக்கொடுத்த பாடம். என் வண்டி இங்கே யாரையும் அச்சுறுத்தாததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். ஆனாலும் முழு நிம்மதி இல்லை. சென்ற ஆண்டு டயர் மாற்றக் கொடுத்த கடையில், என் கையெழுத்துச் சீட்டையும் மீறி நான்கு டயரிலும் 2.2 பார் (ஏறத்தாழ 32 பவுண்டு) அளவு காற்றை நிரப்பித் திருப்பித் தந்தார்கள். முதல் வட்டச் சாலையிலேயே ஸ்டியரிங்கின் சுபாவம் மாறியிருப்பதை உணர்ந்தேன். அன்றிலிருந்து காற்றழுத்தமானி கையுறைப் பெட்டியிலேயே இருக்கிறது.

வடதிசைவாசி எழுதியது:

ஸ்வீடனிலிருந்து எழுதுகிறேன். பழைய அமெரிக்கக் கார்களுக்கு இந்நாடு இரண்டாம் தாய்வீடு. கோடையில் சிற்றூர்ச் சதுக்கங்களில் கூட குரோமியம் மின்னும். இருந்தும் அந்தக் கூட்டத்தில் கச்சிதக் கார்களுக்குக் கடைசி வரிசைதான்.

என்னிடம் உள்ளது 1964 பிளிமத் வேலியன்ட். கோர்வேர், ஃபோர்ட் ஃபால்கன், வேலியன்ட் ஆகிய மூன்றும் 1959 இலையுதிர் காலத்தில் ஒன்றாகவே வந்தன. மூன்றில் கோர்வேர் துணிச்சலானது, ஃபால்கன் சாதுவானது, வேலியன்ட் மட்டுமே அழியாதது என்பது என் கட்சி. முப்பது பாகை சாய்த்து வைக்கப்பட்ட அதன் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு எண்ணெயும் நீரும் கொடுத்தால் போதும். மன்னிப்பும் கேட்காது, பாராட்டும் எதிர்பார்க்காது. டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டரை முதல் ஆண்டிலேயே இயல்பாகக் கொடுத்த கார் அது. எங்கள் குளிரில் பேட்டரியின் அருமை தெரிந்தவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

நெக்கார்க்கரையானிடம் ஒரு கேள்வி. காற்றால் குளிரும் எஞ்சினிலிருந்து உள்ளறைக்கு வரும் வெப்பக் காற்று, உண்மையைச் சொல்லுங்கள், எண்ணெய் வாடை அடிக்கிறதா இல்லையா?

நெக்கார்க்கரையான் எழுதியது:

அடித்தது. பொய் சொல்ல மாட்டேன்.

கோர்வேரின் ஹீட்டர் எஞ்சினைச் சுற்றி வரும் காற்றையே நேராக உள்ளே அனுப்புகிறது. பன்னிரண்டு வால்வுகளுக்கான தள்ளுகோல்கள் பன்னிரண்டு குழாய்களுக்குள் ஓடுகின்றன. ஒவ்வொரு குழாய்க்கும் இரு முனைகளில் இரண்டு ரப்பர் வளையங்கள். மொத்தம் இருபத்து நான்கு. அக்காலத்து ரப்பர் வெப்பத்தில் கல்லாகிவிடும். பிறகு எண்ணெய் சொட்டி, சூடான புகைபோக்கியில் விழுந்து, அதன் வாடை நேராக உங்கள் கோட்டில் ஏறும். நான் வாங்கியபோது என் வண்டி நின்ற இடத்தையெல்லாம் அடையாளம் காட்டிவிட்டுத்தான் புறப்படும். இருபத்து நான்கு வளையங்களையும் வெப்பம் தாங்கும் வைட்டன் ரப்பர் வளையங்களாக மாற்ற எனக்கு இரண்டு வார இறுதிகள் பிடித்தன. மாற்றியபின் நான்கு ஆண்டுகளாகத் தரை உலர்ந்திருக்கிறது. இதைச் செய்யாமல் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு நெடுந்தூரம் போக வேண்டாம். எண்ணெய் வாடை வரும் வழியில் எஞ்சின் புகையும் வரலாம்.

உங்கள் வேலியன்டைப் பற்றிச் சொன்ன எல்லாம் சரி. ஆனால் பின்மூடியைத் திறந்து பார்ப்பதற்கு ஒருவரையும் அது அழைக்காதே!

பழையபோல்ட் எழுதியது:

தொழில்முறை மெக்கானிக் என்ற உரிமையில் இரண்டு சொற்கள் சேர்க்கிறேன். ஹாலந்தில் பழைய வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். கோர்வேர் எங்களிடம் அரிதாகவே வரும், வந்தால் எல்லோரும் சுற்றி நிற்போம்.

அதன் பெல்ட்டுதான் பேச வேண்டிய பொருள். வண்டியின் பின்முனையில், எஞ்சின் சுழற்றும் கிராங்க் கப்பி செங்குத்தாக நிற்கிறது. குளிர்விக்கும் விசிறியோ எஞ்சினின் தலைமேல் படுத்துக் கிடக்கிறது. ஒரே பெல்ட் கிராங்கிலிருந்து மேலேறி, இரண்டு கப்பிகளின் மேல் தொண்ணூறு பாகை முறுக்கிக்கொண்டு விசிறியைச் சுற்றி வர வேண்டும். இதற்கென்று செய்யப்பட்ட பெல்ட்டைப் போடாமல், அளவு பொருந்துகிறது என்று எதையோ மாட்டினாலோ, வயலின் நரம்பைப் போல இறுக்கினாலோ அது கழன்று விழும். பெல்ட் விழுந்தால் குளிர்விப்பு இல்லை. எச்சரிக்கை விளக்கைக் கவனிக்காமல் இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று ஓட்டினால், அலுமினியத் தலையில் பதித்த வால்வு இருக்கைகள் தளர்ந்து கழன்றுவிடும். நான்கு கார்புரேட்டர் வைத்த 140 குதிரைத்திறன் எஞ்சினில் இது இன்னும் எளிதில் நிகழும்.

இன்னொன்று: இந்த எஞ்சின் பெரும்பாலான எஞ்சின்களுக்கு எதிர்த்திசையில் சுழலும். அமெரிக்காவில் இதைப் பீட்டிலில் பொருத்த முயன்றவர்கள் டிஃபரன்ஷியலின் பல்சக்கரத்தை மறுபக்கம் திருப்பிப் போட வேண்டியிருந்தது; அதை மறந்தவருக்கு நான்கு கியரில் பின்னோக்கிப் போகும் வாகனம் கிடைக்கும். வீட்டிலேயே விமானம் கட்டுபவர்களும் இதை விரும்பினார்கள். பெர்னார்ட் பீட்டன்போல் 1960களிலேயே தம் சிறு விமானத்தில் கோர்வேர் எஞ்சினை வைத்துப் பறந்திருக்கிறார். வானத்தில் நம்பத் தகுந்ததாக இருந்த எஞ்சினைத் தரையில் இவ்வளவு பழித்திருக்க வேண்டாம்.

ஐந்தாம்கியர் எழுதியது:

எஞ்சினை நான் பழிக்கவில்லை; பின் ஆக்ஸிலைத்தான் பழித்தேன். 1972 அறிக்கையைப் பற்றியும் ஒரு சொல். 'மற்றவற்றைவிட மோசமில்லை' என்பது 'நல்லது' என்று பொருள்படாது. அக்காலத்தின் மற்ற கார்களும் சரியாக இல்லை என்பதே அதன் உட்பொருளாக இருக்கலாம். பீட்டில் ஓட்டியவர்களுக்கு அப்பா சொல்லிக்கொடுத்தார் என்கிறீர்கள். அப்பா சொல்லிக்கொடுக்காதவர்களும் சாலையில் இருந்தார்களே.

நெக்கார்க்கரையான் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை.

ஆனால் கோர்வேரைக் கொன்றது நாடரின் நூல் மட்டுமே என்ற கதையைத் திருத்த வேண்டும். சிக்கனக் கார் சந்தையில் ஃபால்கன் அதை முதல் ஆண்டிலேயே வென்றுவிட்டது. அதற்கு ஈடாக ஷெவர்லே 1962 க்கு செவி டூ என்ற மிகச் சாதாரணமான காரை அவசரமாகக் கொண்டுவந்தது. கோர்வேரைக் காப்பாற்றியது மோன்ஸாதான்: தனித்தனி வாளி வடிவ இருக்கைகள், தரையில் நான்கு கியர், சிறு ஆடம்பரம். சின்னக் காரை விளையாட்டுக் காராக விற்கலாம் என்பதை அது டெட்ராய்ட்டுக்குக் கற்பித்தது. ஃபோர்ட் அதைக் கவனித்து 1964 ஏப்ரலில் மஸ்டாங்கைக் கொண்டுவந்தது. மாணவன் ஆசிரியரை வீழ்த்தினான். 1965 இல் 2,30,000 க்கும் மேல் தயாரான கோர்வேர் 1969 இல் 6,000 ஆகச் சுருங்கி, அந்த மே மாதத்தோடு முடிந்தது. நூல் வெளிவருவதற்கு முன்பே, 1965 வசந்தத்தில், இதற்கு மேல் மேம்பாட்டு வேலை வேண்டாம் என்று உள்ளே முடிவாகிவிட்டது.

ஜெர்மனியர்களிடம் நான் தவறாமல் சொல்லும் செய்தி ஒன்றும் உண்டு. டர்போ (எஞ்சினின் புகை விசையால் கூடுதல் காற்றை உள்ளே தள்ளும் கருவி) என்றால் இவர்களுக்குப் போர்ஷே 911 டர்போதான். அது 1974 இல் பாரிஸ் கண்காட்சியில் வந்தது. கோர்வேர் மோன்ஸா ஸ்பைடர் 1962 வசந்தத்திலேயே டர்போவுடன், படுத்த ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பின்னால் வைத்துக்கொண்டு, 150 குதிரைத்திறனுடன் கடையில் விற்பனைக்கு நின்றது. இதைச் சொன்னால் மேசையில் சிறிது நேரம் அமைதி நிலவும். அந்த அமைதி எனக்குப் பிடிக்கும்.

சூரிக்வாசி எழுதியது:

இவ்வளவு நாளும் வாசித்துவிட்டு, இன்றுதான் எழுதுகிறேன். தென்ஜெர்மனியில் வேலைக்கு மாறப் போகிறேன். அங்கே போனதும் கோர்வேர் வாங்கலாமா, மஸ்டாங் வாங்கலாமா என்று மனம் ஊசலாடுகிறது. செலவு எப்படி? உதிரிப் பாகம் கிடைக்குமா?

நெக்கார்க்கரையான் எழுதியது:

மஸ்டாங் நல்ல கார். அதன் ஒரு வேடிக்கையை இங்கே ரசிக்கலாம். மஸ்டாங் என்ற பெயர் ஜெர்மனியில் க்ருப் நிறுவனத்தின் உரிமையாக இருந்ததால், ஃபோர்ட் அதை இங்கே டி-5 என்ற பெயரில் விற்றது. ஆனால் எங்கள் வட்டாரத்துப் பழைய கார்ச் சந்திப்புகளில் மஸ்டாங்குகள் ஒரு டஜன் நிற்கும். கோர்வேர் என்னுடையது ஒன்றுதான்.

செலவுக்கு வருகிறேன். முப்பது ஆண்டுகளைக் கடந்து, முதல்நிலை மாறாமல் உள்ள சேகரிப்பு வண்டி என்று சுங்கத்தில் ஏற்கப்பட்டால், அமெரிக்காவிலிருந்து கொண்டுவரும்போது சுங்கவரி இல்லை. இறக்குமதி விற்பனை வரி 7 விழுக்காடு மட்டும். பிறகு ஆய்வில் தேறி, பழங்கால வண்டிக்கான 'எச்' பலகை பெற்றால், எஞ்சின் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஆண்டு வரி 191.73 யூரோதான், நகரங்களின் சுற்றுச்சூழல் மண்டலங்களுக்குள்ளும் போகலாம். ஆய்வில் என் வண்டிக்குக் கேட்டது முகப்பு விளக்குகளை மாற்றும்படிதான். பின்பக்கத்துச் சிவப்புத் திசைக்காட்டி விளக்குகள், 1970 க்கு முந்தைய வண்டி என்பதால், அப்படியே இருக்க விட்டார்கள். எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி. அந்த வட்டமான சிவப்பு விளக்குகளின் அழகே தனி.

உதிரிப் பாகங்களைப் பொறுத்தவரை அஞ்ச வேண்டாம். பதினெட்டு லட்சம் வண்டிகள் செய்யப்பட்டன. தயாரிப்பு நின்ற 1969 இலேயே அமெரிக்காவில் கோர்வேர் சங்கம் தொடங்கிவிட்டது. மாசசூசெட்ஸில் கோர்வேர் பாகங்களை மட்டுமே விற்கும் கடை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. கப்பல் கூலிதான் கடிக்கும். இரண்டு பெல்ட்டுக்காக ஒருமுறை பெல்ட்டின் விலையைவிட அதிகமாகத் தபால் கட்டணம் கட்டினேன். இப்போது ஆண்டுக்கு ஒருமுறை பட்டியல் போட்டு மொத்தமாக வரவழைக்கிறேன்.

பிரேக் பற்றி ஒன்று: 1967 க்கு முந்தைய வண்டிகளில் பிரேக் எண்ணெய்க்கு ஒரே சுற்றுதான். ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் போய்விடும். குழாய்களைப் புதிதாக்கிவிட்டே சாலைக்குக் கொண்டுவாருங்கள்.

சூரிக்வாசி எழுதியது:

நேற்று உல்ம் நகருக்கு அருகே ஒரு 1966 மோன்ஸாவைப் பார்த்துவிட்டு வந்தேன். நான்கு கதவு, நடுவில் தூண் இல்லாத ஹார்ட்டாப். ஓட்டிப் பார்த்தபோது உங்களை நினைத்துக்கொண்டேன். முன்புறத்தில் எடையே இல்லாததால் ஸ்டியரிங் இறகு போல இருந்தது, குட்டி விமானம் ஒன்று பின்னாலிருந்து தள்ளுவதைப் போன்ற ஓசை. எண்ணெய்க் கசிவு இல்லை. பெல்ட் புதியது. ஆனால் முன்கண்ணாடியின் அடியில் வர்ணம் கொப்பளித்திருக்கிறது. ஓட்டுநர் காலடி விரிப்பைத் தூக்கினால் தரை ஈரம். விற்பவர், மழையில் ஜன்னல் திறந்திருந்தது என்கிறார். விலையில் ஆயிரம் யூரோ குறைக்கவும் தயாராக இருக்கிறார்.

பழையபோல்ட் எழுதியது:

ஜன்னல் அல்ல. கண்ணாடியின் கீழ்ச் சட்டம் துருப்பிடித்து, நீர் அதன் வழியாகத் தரைக்கு இறங்குகிறது. கோர்வேருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. தரையும் உடலுமே வண்டியைத் தாங்குகின்றன. கண்ணாடியைக் கழற்றி, டேஷ்போர்டைப் பிரித்து, புதுத் தகடு பற்றவைத்து, தரையையும் சரிசெய்தால் ஆயிரம் யூரோ எங்கள் பட்டறையில் முதல் வாரத்துக்கே போதாது.

நெக்கார்க்கரையான் எழுதியது:

எஞ்சினை இரண்டு வார இறுதிகளில் சரிசெய்யலாம், தகட்டை முடியாது. கலிஃபோர்னியாவிலோ அரிசோனாவிலோ வாழ்ந்த, இருக்கை வெயிலில் வெடித்து, வர்ணம் வெளிறிப்போன வண்டியாகப் பாருங்கள். வெடித்த இருக்கையைத் தைத்துக்கொள்ளலாம். அடுத்த மாதம் நானும் ஒன்றைப் பார்க்க மான்ஹைம் போகிறேன், எனக்காக அல்ல, உங்களுக்காக. விரிப்பைத் தூக்கிப் பார்க்க ஒரு டார்ச் விளக்கோடு நீங்களும் வாருங்கள்.